காதும் ஒலி எழுப்பும்

எட்டாம் வகுப்பில் ஒலியியல் பாடம் வரும்போது மனிதச் செவியின் படத்தைக் கரும்பலகையில் வரைவோம். செவிமடல், செவிக்குழல், செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள், நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா, அங்கிருந்து மூளைக்குப் போகும் செவி நரம்பு. ஒலி செல்லும் வழியைக் காட்ட அம்புக்குறிகள் போடுவோம். எல்லா அம்புகளும் வெளியிலிருந்து உள்ளே போகும். இனிமேல் அந்தப் படத்தில் உள்ளிருந்து வெளியே வரும் ஓர் அம்பையும் சேர்த்துப் போடலாம். நல்ல நிலையில் இருக்கும் உள்செவி தானே மெல்லிய ஒலியை எழுப்பி, வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. கிசுகிசுப்பைவிட மெல்லிய அந்த ஒலியைச் சிறு மைக் வைத்துப் பிடிக்கலாம், அளக்கலாம்.

பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று மருத்துவமனைகளில் பார்ப்பது இதைக் கொண்டுதான். "ஓ.ஏ.இ. டெஸ்ட்" என்பார்கள். தமிழில் செவி ஒலி உமிழ்வுச் சோதனை எனலாம். முடிவுச் சீட்டில் இரண்டே சொற்களில் ஒன்று இருக்கும்: "பாஸ்" அல்லது "ரெஃபர்". அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பெற்றோர் பள்ளிக்கு வந்து, "இதுல என்ன சார் போட்டிருக்கு?" என்று நம்மிடம்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்காவது நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மணிச் சத்தத்துக்குத் திரும்பும் பிள்ளை

திருத்தணிப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் கேள்திறனைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் சொல்வது ஏறக்குறைய ஒரே பதில்தான். "காதெல்லாம் நல்லாக் கேக்குது டீச்சர். கோயில் மணி அடிச்சாத் திரும்பிப் பாக்குறான். பட்டாசு வெடிச்சா அழுவுறான்." அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் மணியும் பட்டாசும் பெருஞ்சத்தங்கள். நாம் ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது அது இன்னும் குறைந்திருக்கும். 45 டெசிபல் இழப்புள்ள பிள்ளைக்கு மணி நன்றாகவே கேட்கும், நம் பேச்சு பாதிதான் கேட்கும்.

அந்தப் பாதியும் எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி குறைவதில்லை. ஆ, ஊ போன்ற உயிரொலிகளும் ம், ன் போன்ற மூக்கொலிகளும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக இருப்பவை. ச, ஸ, ஷ, த, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன, வலுவிலும் குறைந்தவை. இழப்பு பலரிடம் இந்த உயர் அதிர்வெண்களில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பட்டம், சட்டம், கட்டம், வட்டம் எல்லாம் ஒன்றுபோலவே விழும். சொல்வதெழுதுதல் நோட்டை எடுத்துப் பாருங்கள். குறில் நெடில் பிழை வேறு. சொல்லின் முதல் மெய்யொலி மட்டும் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருப்பது வேறு. இரண்டாவது வகைப் பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவதோடு ஓர் ஐயமும் எழ வேண்டும்.

எங்கள் எல்லைப் பகுதியில் இந்த ஐயம் எழாமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1960 ஏப்ரல் மாதம் வரை திருத்தணி ஆந்திர மாநிலத்தில் இருந்தது. எல்லை மாறியதே தவிர வீடுகளுக்குள் மொழி மாறவில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழித்தால், "வீட்டுல தெலுங்கு, அதான் புரியல, போகப்போகச் சரியாயிடும்" என்று நாமே விளக்கம் சொல்லிக்கொள்கிறோம். பல பிள்ளைகளுக்கு அது சரியான விளக்கம்தான். சரியான விளக்கமாக அடிக்கடி அமைந்துவிடுவதுதான் அதிலுள்ள ஆபத்து.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும். அம்மாவிடமோ அவ்வாவிடமோ, "இன்ட்லோ தெலுகு பாகா மாட்லாடதாடா?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தெலுங்கில் கதையடிக்கும் பிள்ளைக்குத் தமிழ்தான் பிரச்சினை. வீட்டு மொழியிலும் சொற்கள் குறைவு, உச்சரிப்பு தெளிவில்லை, ஒன்றை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் காதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தறி. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று எங்கள் பக்கத்து ஊர்களில் விசைத்தறி ஓடும் சத்தம் தெருவின் ஓர் அங்கம். பல வீடுகளில் தறியும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும், அங்கேயே தூங்கும். விசைத்தறிக் கூடங்களில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலுக்கு மேல் நாளுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து கேட்டால் காது பழுதாகும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. எது பழுதாகிறது என்ற கேள்விதான் நம்மைக் காது எழுப்பும் ஒலிக்குக் கொண்டுபோகிறது.

மைக் ஊளையிடுவதும் உள்செவியும்

காக்ளியாவுக்குள் ஒலி எப்படிப் பகுக்கப்படுகிறது என்பதைக் கண்டு 1961இல் நோபல் பரிசு பெற்றவர் கேயார்க் வான் பெக்கெசி. சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அடித்தளச் சவ்வின் மீது ஒலி அலையாக ஓடுகிறது. உயர் அதிர்வெண் ஒலி நுழைவாயில் அருகிலேயே உச்சம் பெற்று அடங்கிவிடும். தாழ்ந்த அதிர்வெண் ஒலி சுருளின் கடைசி வரை போகும். அவர் ஆராய்ந்தவை இறந்தவர்களின் காதுகள். அவற்றில் தெரிந்த அலை அகன்று, மழுங்கலாக இருந்தது. உயிருள்ள மனிதரோ மிக நெருங்கிய இரண்டு சுருதிகளைக்கூடப் பிரித்துக் கேட்கிறார். இந்த இடைவெளி ஒரு புதிராகவே நின்றது.

புதிருக்கு 1948லேயே ஒருவர் விடை சொல்லியிருந்தார். பெயர் தாமஸ் கோல்டு. பிரபஞ்சத் தோற்றம் பற்றிய நிலைமாறாக் கொள்கையை முன்வைத்த மூவரில் ஒருவராக இவர் பெயரை இயற்பியல் ஆசிரியர்கள் கேட்டிருக்கலாம். போர்க்காலத்தில் ரேடார் வேலை பார்த்தவர். உள்செவி முழுவதும் திரவம். திரவத்துக்குள் மெல்லிய அதிர்வு உடனே தேய்ந்துபோகும். அப்படித் தேயாமல் இருக்க வேண்டுமானால் காதுக்குள்ளிருந்தே ஆற்றல் சேர்க்கப்பட வேண்டும் என்றார். அதாவது காக்ளியா ஒலியை வாங்கும் பாத்திரம் மட்டுமல்ல, ஒலிபெருக்கியும்கூட.

இதை வகுப்பில் விளக்கக் காலை வழிபாட்டுக் கூட்டமே போதும். மைக்கை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோனால் "கீ...ங்" என்று ஊளையிடும். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் போய், பெருகி வெளியே வந்து, மறுபடி உள்ளே போகிறது. இதுவே பின்னூட்டம். சத்தத்தைச் சற்றுக் குறைத்து, ஊளையிடுவதற்கு மயிரிழை முன்னால் நிறுத்தினால் அந்த மைக் மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கூர்மையான நிலையில் இருக்கும். காது இப்படி ஒரு நிலையில் இயங்குகிறது என்றும், அப்படியானால் சில சமயம் அதுவும் மைக் போல ஒலி எழுப்ப வேண்டும் என்றும் கோல்டு எதிர்பார்த்தார். பிடித்துப் பார்க்க முயன்றார், கிடைக்கவில்லை. பேச்சு அத்தோடு நின்றுபோனது.

முப்பது ஆண்டு கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் அதைப் பிடித்தார். காதுக்குள் ஒரு சிறு 'டிக்' ஒலியை அனுப்பி, அதே காதுத் துளையில் மைக் வைத்துக் கேட்டார். டிக் முடிந்த சில மில்லிவினாடி கழித்து மெல்லிய ஒலி ஒன்று வந்தது. செவிப்பறையில் பட்டுத் திரும்பிய வெறும் எதிரொலியாக இருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். இந்தச் சந்தேகத்தைப் பத்தாம் வகுப்பு மாணவர்களே கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம். எதிரொலி கேட்க 17.2 மீட்டர் தூரம் வேண்டும் என்று நாம் நடத்தும் அதே கணக்குதான்.

செவிக்குழலின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. போய்வரும் தூரம் 5 செ.மீ., அதாவது 0.05 மீட்டர். ஒலியின் வேகம் 344 மீ/வி எனக் கொண்டால் எதிரொலி திரும்பிவர ஆகும் நேரம் 0.05 ÷ 344, சுமார் 0.00015 வினாடி. ஒரு மில்லிவினாடியில் ஏழில் ஒரு பங்குதான். கெம்ப் பதிவு செய்த ஒலியோ 5, 10, 15 மில்லிவினாடி கழித்து வந்தது. பின்னோக்கிக் கணக்கிடச் சொல்லுங்கள். 10 மில்லிவினாடியில் காற்றில் ஒலி 3.44 மீட்டர் போகும். அது வெறும் எதிரொலியாக இருந்தால் காதுக்குள் 1.72 மீட்டர் நீளக் குழாய் இருந்தாக வேண்டும்! அப்படி ஒரு தலை யாருக்கும் கிடையாது. ஆகவே ஒலி காக்ளியாவுக்குள் போய், அங்கே மெதுவாக ஓடும் அலையாக மாறி, அங்கிருந்து திரும்பியிருக்கிறது. டிக் ஒலியைப் பத்து மடங்கு கூட்டினாலும் திரும்பி வருவது பத்து மடங்கு கூடவில்லை என்பது இன்னொரு சான்று. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படி நடந்துகொள்ளாது.

திரும்பி வரும் ஒலியில் உயர் அதிர்வெண் முதலில் வரும், தாழ்ந்த அதிர்வெண் பின்னால் வரும். ஏன் என்று கேட்கும் மாணவருக்கு எங்கள் ஊர் மலைப்படியைக் காட்டலாம். திருத்தணி மலைக்கு 365 படிகள். அடிவாரத்தில் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கியவர்களில் முப்பதாவது படியோடு திரும்புகிறவர் சீக்கிரம் கீழே வந்துவிடுவார். உச்சிவரை போய்த் திரும்புகிறவர் கடைசியில்தான் வருவார். காக்ளியாவில் உயர் அதிர்வெண்ணுக்கு இடம் அடிவாரப் படி, தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு உச்சிப் படி. எந்த நேரத்தில் எந்த ஒலி வந்தது என்று பார்த்தே எந்தப் படி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த ஒலியை எழுப்புவது எது? அடித்தளச் சவ்வின் மேல் இரண்டு வகை மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒரே வரிசையில் சுமார் 3,500 உள் மயிர்ச் செல்கள். மூன்று வரிசைகளில் சுமார் 12,000 வெளி மயிர்ச் செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலை பெரும்பாலும் உள் மயிர்ச் செல்களுடையது. எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் மற்றவை என்ன செய்கின்றன என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1985இல் வில்லியம் பிரவுனெல், வெளி மயிர்ச் செல்லின் மின்னழுத்தம் மாறும்போது அது நீள்வதையும் சுருங்குவதையும் கண்டு வெளியிட்டார். அந்த அசைவை உண்டாக்கும் புரதத்தை 2000ஆம் ஆண்டு பீட்டர் டாலஸ் குழுவினர் கண்டறிந்து பிரெஸ்டின் என்று பெயரிட்டனர். வந்த அதிர்வுக்கு ஏற்பத் தாமும் குதித்து அதைப் பெருக்கிக் கொடுப்பதே இச்செல்களின் வேலை. அப்படிக் குதிக்கும்போது சிந்தும் ஆற்றலில் ஒரு பகுதி பின்னோக்கி வந்து, சிற்றெலும்புகளை அசைத்து, செவிப்பறையை ஸ்பீக்கர் போல அதிரவைத்து வெளியேறுகிறது.

ஜோனதன் ஆஷ்மோரின் ஆய்வகத்தில் எடுத்த ஒரு காணொளி உண்டு. கினிப்பன்றியின் ஒற்றை வெளி மயிர்ச் செல் 'ராக் அரவுண்ட் தி க்ளாக்' பாட்டுக்குத் தாளம் தவறாமல் ஆடும். திறன்மிகு வகுப்பறைத் திரையில் ஒரு நிமிடம் போட்டுக் காட்டினால் போதும், மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

பெருஞ்சத்தத்துக்கு முதலில் பலியாவது இந்த வெளி மயிர்ச் செல்கள்தான். மனிதக் காதில் செத்த மயிர்ச் செல் மறுபடி முளைக்காது. சாதாரணக் கேள்திறன் சோதனையில் இழப்பு தெரியத் தொடங்கும் முன்பே உமிழ்வு தேய்வதைப் பலரிடம் காணலாம்.

சீட்டு வரும் விதம்

சோதனையில் குழந்தைக்கு வேலை எதுவும் இல்லை. மென்மையான ரப்பர் முனையுள்ள சிறு குழாயைக் காதில் பொருத்துவார்கள். அதற்குள் ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும். ஒரு வகைக் கருவி டிக் டிக் என்று ஒலி அனுப்பும். சுற்றுப்புறச் சத்தத்தில் மெல்லிய உமிழ்வு அமுங்கிவிடாதா? அதற்காக நூற்றுக்கணக்கான முறை அனுப்பி, பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். உமிழ்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், அதனால் நிலைக்கும். இரைச்சல் கண்டபடி வரும், அதனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். 100 முறை சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். 400 முறை எடுத்தால் இருபதில் ஒன்று. வர்க்கமூலத்துக்கு இதைவிட நல்ல பயன்பாட்டுக் கணக்கு கிடைப்பது அரிது.

இன்னொரு வகைக் கருவி ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை அனுப்பும். எடுத்துக்காட்டாக 3300 ஹெர்ட்ஸ், 4000 ஹெர்ட்ஸ். நல்ல காதிலிருந்து அனுப்பாத மூன்றாவது சுருதி ஒன்று வெளியே வரும். முதல் எண்ணை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழியுங்கள்: 6600 − 4000 = 2600. கருவி 2600 ஹெர்ட்ஸில் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அனுப்பாத சுருதி வந்தால் அந்த இடத்து வெளி மயிர்ச் செல்கள் உயிரோடு வேலை செய்கின்றன என்று பொருள். பிள்ளை அமைதியாக இருந்தால் ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தூங்கும் குழந்தைக்கு இன்னும் எளிது.

ரெஃபர் என்று வந்தால் காது செவிடு என்று பொருள் இல்லை. ஒலி போகும்போதும் வரும்போதும் நடுச்செவியைக் கடக்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தால், சளிபிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருந்தால், காதில் சீழ் இருந்தால் உமிழ்வு வெளியே வராது. பிறந்த முதல் நாளில் செவிக்குழலில் மெழுகுபோல ஒட்டியிருக்கும் படிவாலும் ரெஃபர் வரும். ஆகவே ரெஃபர் என்றால் "இன்னொரு முறை பாருங்கள், அப்போதும் வராவிட்டால் மேல் சோதனைக்குப் போங்கள்" என்பதுதான். பெற்றோரிடம் நாம் இப்படித்தான் சொல்ல வேண்டும். கலவரப்படுத்தவும் கூடாது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சீட்டை மடித்துக் கொடுத்துவிடவும் கூடாது. இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம்.

பாஸ் என்பதற்கும் எல்லை உண்டு. சுமார் 30 முதல் 40 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் பொதுவாக உமிழ்வு கிடைக்காது. அதற்குக் குறைந்த இழப்பு பாஸ் என்றே வந்துவிடலாம். வெளி மயிர்ச் செல் நன்றாக இருந்து, செவி நரம்பிலோ அதன் இணைப்பிலோ கோளாறு இருந்தாலும் பாஸ்தான் வரும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளிடமும், பிறந்தவுடன் கடும் மஞ்சள்காமாலை வந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்யும் "பெரா டெஸ்ட்" வேண்டும். பிறந்தபோது பாஸ் ஆன காது பிறகு கெடுவதும் உண்டு. மூளைக்காய்ச்சல், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, தீராத காதுச் சீழ், மெதுவாக வெளிப்படும் பரம்பரைக் குறை எனக் காரணங்கள் பல. சொந்தத்துக்குள் மணம் முடிப்பது வழக்கமாக உள்ள குடும்பங்களில் பரம்பரைக் குறைக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே "பொறந்தப்பவே பாத்தாச்சு, பாஸ்" என்ற பதிலோடு மூன்றாம் வகுப்பு ஐயத்தை முடித்துக்கொள்ள முடியாது.

கருவி இல்லாத இடத்துக்குக் கருவி போவது

கெம்பின் ஆய்வகத்திலிருந்து பிறந்த முதல் கருவி 1988இல் விற்பனைக்கு வந்தது. இந்தச் சோதனை இன்று கையடக்கக் கருவியாகிவிட்டது. ஆனாலும் விலை உள்ள பொருள், எல்லா இடத்திலும் இருக்காது. கொச்சியில் 2003இல் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். மருத்துவமனைக்கு ஒன்று வாங்காமல் ஒரே கருவியைப் பொதுவில் வைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் அதை எடுத்துக்கொண்டு முறைபோட்டுப் பல மருத்துவமனைகளுக்கும் போய்ப் பிறந்த குழந்தைகளைச் சோதித்தார். ரெஃபர் வந்தவர்களுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் நாளில் மறுசோதனை. அம்மாவுக்கு இன்னொரு அலைச்சல் இல்லை. இந்திய குழந்தை மருத்துவர் சங்கத்தின் ஆதரவுடன் மருத்துவர் ஆபிரகாம் பால் முன்னின்று நடத்திய திட்டம் இது.

நமக்கு அருகில் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் கேட்பியலாளர்கள் இன்னொரு படி போனார்கள். கிராம நலப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஓ.ஏ.இ. கருவியோடு வீடு வீடாகச் சிறு குழந்தைகளைச் சோதிக்கவைத்தார்கள். தேறாத குழந்தைகளுக்கு இணையத் தொடர்பு வழியே தொலைவிலிருந்தே பெரா சோதனையையும் செய்தார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர், சரியான பயிற்சி கிடைத்தால், இந்தச் சோதனையை நம்பகமாகச் செய்ய முடியும் என்பதை நம் மாநிலக் கிராமங்களே காட்டியிருக்கின்றன.

பள்ளியின் பங்கு

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது. அவர்கள் பார்க்கும் பட்டியலில் பிறவிச் செவித்திறன் குறையும் காதுச் சீழும் உண்டு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் குழுவுக்கு ஒவ்வொரு காதையும் ஆழமாகப் பார்க்க நேரம் இருக்காது. "இந்த நாலு பேரைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுப்பது வகுப்பாசிரியரால் மட்டுமே முடியும். அவர்கள் பரிந்துரைத்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் ஓ.ஏ.இ., பெரா இரண்டுக்கும் வழி உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் அதே பெயர்களைக் கொடுத்துவையுங்கள். ஒன்றிய அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துப் போவதும், காதொலிக் கருவிக்குப் பதிவு செய்வதும் அவர்கள் வழியாகத்தான்.

அந்த நான்கு பெயரை எப்படித் தேர்வது? டேனியல் லிங் என்பவர் உருவாக்கிய ஆறு ஒலிச் சோதனை இருக்கிறது. செலவு இல்லை. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இந்த ஆறும் பேச்சின் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர் அதிர்வெண் வரை பரவி நிற்பவை. பிள்ளைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, உதட்டசைவு தெரியாமல் தாளால் வாயை மறைத்து, வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது கேட்டவுடன் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். ஒலிகளுக்கு இடையே விடும் நேரம் ஒரே சீராக இருக்கக் கூடாது. சீராக இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை தாளத்தைப் பிடித்துக்கொண்டு போட்டுவிடும். ஆ, ஊ எல்லாம் வந்து ஷ், ஸ் மட்டும் விழவில்லை என்றால் பெயரை எழுதுங்கள். இது நோய் கண்டறியும் சோதனை அல்ல, பெயர் எழுதத்தான்.

குழு கருவியோடு வருகிறது என்றால் அறையைத் தேர்வது நம் பொறுப்பு. சத்துணவுக் கூடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் தள்ளி இருக்கும் அறை, மின்விசிறி நின்றிருக்கும் அறை. பக்கத்து வீட்டில் தறி ஓடினால் மதிய உணவுக்கு அவர்கள் நிறுத்தும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். இரைச்சலில் எடுத்த சோதனையில் நல்ல காதும் ரெஃபர் ஆகும். அப்படி இருபது பேருக்கு வீணாக ரெஃபர் வந்தால், உண்மையில் போக வேண்டிய இருபத்தோராவது பிள்ளையின் பெற்றோரும் "எல்லாருக்கும் அப்படித்தான் வந்துச்சு" என்று போகாமல் இருந்துவிடுவார்கள். மூக்கொழுகும் பிள்ளைகளைத் தனியாகக் குறித்து வேறொரு நாளைக்கு வைக்கச் சொல்லுங்கள்.

இதில் காலம் கடத்த முடியாத ஒன்று உண்டு. கடுமையான பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது, ஆனால் ஆறு வயதுக்குள். மொழியைப் பிடித்துக்கொள்ளும் மூளையின் திறன் முதல் சில ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருக்கிறது என்பதே இந்த வயது வரம்புக்குக் காரணம். ஆறு மாத வயதுக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்ததை 1998இல் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவின் ஆய்வு காட்டியது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கும் இதனால்தான். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்கும். ஜூனில் சேர்ந்த பிள்ளையை "தெலுங்கு வீடு, பழகட்டும்" என்று அடுத்த ஜூன் வரை விட்டுவைத்தால் கதவு மூடிவிடும். அந்தப் பிள்ளையின் தம்பியோ தங்கையோ அங்கன்வாடியில் இருந்தால் அவர்களையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இழப்பு நடுத்தரமாக இருந்தால் காதொலிக் கருவியே போதுமானதாக இருக்கும். கருவி போட்டு வரும் பிள்ளையை முன் வரிசையில், நம் முகம் தெரியும்படி உட்காரவையுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதை விடுங்கள். பின்னால் இருக்கும் மாணவர் சொன்ன பதிலை நாம் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பேட்டரி தீர்ந்த கருவி காதை அடைக்கும் தக்கையே தவிர வேறில்லை. காலையில் வருகை எடுக்கும்போது ஆறு ஒலிகளையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் அன்றைக்குக் கருவி வேலை செய்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறுசோதனைக்குப் போன தேதியையும் முடிவையும் மாணவரின் உடல்நலப் பதிவில் குறித்து, சீட்டின் நகலை அதிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளை அடுத்த வகுப்புக்கோ, பெற்றோரின் வேலை காரணமாக எல்லை தாண்டி நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கோ மாறும்போது, மாற்றுச் சான்றிதழோடு அந்த நகலும் போகட்டும்.